சின்னக் கம்பிதானே என்று விட்டுவிடலாமா?

'லோ வோல்டேஜ்' என்று சொன்னவுடன் நம் வியாபாரிகளுக்கு ஞாபகம் வருவது, சாயங்காலம் ஆறு மணிக்கு டியூப்லைட் மினுக்கிக்கொண்டு நிற்பதும், ஸ்டெபிலைசர் 'டக் டக்' என்று அடித்துக்கொள்வதும்தான். இந்தக் கட்டுரை அதைப் பற்றியது அல்ல. மின்வாரியத்தார் 'லோ டென்ஷன்' என்று சொல்கிற 230 வோல்ட், 400 வோல்ட் லைனைப் பற்றியதும் அல்ல. கடைக்குள்ளே 5 வோல்ட், 12 வோல்ட், 24 வோல்ட், 48 வோல்ட் என்று சொற்ப அழுத்தத்தில் ஓடிக்கொண்டிருக்கும் மெல்லிய கம்பிகளைப் பற்றியது. டெலிபோன் கம்பி, கேமரா கம்பி, கம்ப்யூட்டர்களை ஒன்றோடொன்று இணைக்கும் கம்பி, தீ எச்சரிக்கை மணியின் கம்பி, மின்னணுத் தராசின் கம்பி ஆகியவை எல்லாம் இந்த இனம்தான். பொதுவாக 50 வோல்ட்டுக்கு உட்பட்டவை என்று வைத்துக்கொள்ளலாம்.

ஒரு காலத்தில் நம் கடைகளில் இந்த இனத்தில் இருந்தது ஒரே ஒரு கம்பி. அது கருப்பு டெலிபோனின் கம்பி. மனுப் போட்டு வருடக்கணக்கில் காத்திருந்து கிடைத்த இணைப்பு என்பதால் அதற்கு ஒரு மரியாதை இருந்தது. டெலிபோன் இலாகா ஆள் வந்து கம்பி இழுக்கும்போது முதலாளியே கல்லாவை விட்டு எழுந்து வந்து நின்று பார்ப்பார். காபி வரவழைத்துக் கொடுப்பார். இன்று அதே கடையில் இருபது, முப்பது கம்பிகள் ஓடுகின்றன. ஒன்றையும் யாரும் நின்று பார்ப்பதில்லை. கடை கட்டி, பூச்சு பூசி, பெயிண்ட் அடித்து, ரேக் மாட்டி, திறப்பு விழாவுக்குப் பத்திரிகையும் அடித்த பிறகுதான் 'கேமராக்காரனை வரச் சொல்லு' என்கிறோம். அவர் வந்து, இருக்கிற ஓட்டையில் நுழைத்து, இருக்கிற ஆணியில் கட்டி, இரண்டு மணி நேரத்தில் முடித்துவிட்டுப் போகிறார். கேட்டால், "அண்ணாச்சி, இதுல பெரிய கரண்டு கிடையாது, எங்க வேணும்னாலும் ஓட்டலாம்" என்கிறார். நம்மில் பலரும் அதை நம்பிவிடுகிறோம்.

பெரிய கரண்டு கிடையாது என்பது உண்மை. எங்கே வேண்டுமானாலும் ஓட்டலாம் என்பதுதான் பொய்.

வியாபாரமே கம்பியில் போகிறது

சிட்டையில் எழுதிக் கொடுத்து வியாபாரம் செய்த காலம் போய்விட்டது. 2007 ஜனவரி 1-இல் தமிழ்நாட்டில் வாட் வரி வந்தபோதே கம்ப்யூட்டர் பில் பரவ ஆரம்பித்தது. 2017 ஜூலை 1-இல் ஜி.எஸ்.டி. வந்த பிறகு அதைத் தவிர்க்க முடியாமல் போனது. இ-இன்வாய்ஸ் 2020 அக்டோபரில் 500 கோடிக்கு மேல் விற்றுமுதல் உள்ளவர்களுக்கு என்று தொடங்கி, படிப்படியாக இறங்கி, 2023 ஆகஸ்டு 1 முதல் 5 கோடியைத் தாண்டியவர்களுக்கும் கட்டாயம் ஆகிவிட்டது. மொத்த வியாபாரத்தில் 5 கோடி என்பது பெரிய தொகை அல்ல. பருப்பும் எண்ணெயும் சர்க்கரையும் கைமாற்றுகிறவருக்கு அது சில மாத வியாபாரம்.

இதன் அர்த்தம் என்ன? லாரியில் சிப்பம் ஏற்றி முடித்து, தார்ப்பாய் கட்டி, டிரைவர் சாவியைத் திருகத் தயாராக இருந்தாலும், கம்ப்யூட்டரிலிருந்து பதிவு எண் வந்து பில் அச்சாகாமல் வண்டி நகர முடியாது. வெளிமாநிலச் சரக்கு 50,000 ரூபாய்க்கு மேல் போனால் இ-வே பில்லும் வேண்டும். இன்டர்நெட் போய்விட்டால் செல்போனை வைத்துச் சமாளிக்கலாம் என்பார்கள், சமாளிக்கலாம்தான். ஆனால் பல கடைகளில் பழுது வெளியே இல்லை, உள்ளே இருக்கிறது. கணக்குப் புத்தகம் முழுவதும் உள்ளறையில் ஒரு கம்ப்யூட்டரில் இருக்கிறது. முன்னால் பில் போடும் கம்ப்யூட்டர்கள் மூன்று, ஒரு கம்பி வழியாக அதோடு பேசிக்கொண்டிருக்கின்றன. அந்தக் கம்பி கதவிடுக்கில் நசுங்கி நசுங்கி ஒருநாள் அற்றுப்போனால் செல்போன் இன்டர்நெட் எந்த உதவிக்கும் வராது. தீபாவளிக்கு முந்தைய வாரம் மொத்தக் கடையில் இரண்டு மணி நேரம் பில் நின்றால் என்ன ஆகும் என்பதை நம் வாசகர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. கொள்முதலுக்கு வந்தவர் எதிர்க்கடைக்குப் போய்விடுவார். அதோடு போனாலும் பரவாயில்லை, அடுத்த தடவையும் அங்கேயே போவார்.

'இப்போது எல்லாம் வயர்லெஸ்தானே, கம்பி எதற்கு?' என்று நம் வீட்டுப் பிள்ளைகள் கேட்கிறார்கள். வயர்லெஸ் நல்லதுதான். செல்போனுக்கும், கையில் எடுத்துக்கொண்டு நடக்கிற எந்தச் சாமானுக்கும் அது போதும். ஆனால் மதுரை கீழமாசி வீதியானாலும் சேலம் லீ பஜாரானாலும் நம் பழைய கட்டடங்களின் சுவர் ஒன்றரை அடி, இரண்டு அடி கனம். இரும்பு ஷட்டர், இரும்பு ரேக், அடுக்கி வைத்த எண்ணெய் டின்கள், கூரை வரைக்கும் அரிசி மூட்டைகள் எல்லாமே அலைகளை மறிப்பவை. கல்லாவில் உள்ள 'இத்தனை ரூபாய் பெறப்பட்டது' என்று பேசுகிற பெட்டிகூட, சில கடைகளில் வாசலுக்குக் கொண்டுபோனால்தான் வாய் திறக்கிறது. அந்த வயர்லெஸ் பெட்டிக்கும் பின்னால் ஒரு கம்பி வந்துதான் ஆகவேண்டும். ஓர் இடத்தில் நிலையாக இருக்கும் சாமானுக்குக் கம்பி, நகருகிற சாமானுக்கு வயர்லெஸ். நாம் வைத்திருக்கும் கணக்கு இதுதான்.

பகலில் தெரியும் கேமரா இரவில் ஏன் தெரியவில்லை?

சென்னை மாநகர காவல்துறை 'மூன்றாவது கண்' என்று பெயர் கொடுத்துக் கடைக்காரர்களைக் கேமரா வைக்கச் சொன்னது. மற்ற ஊர்களிலும் காவல் நிலையத்திலிருந்து வந்து சொல்லிவிட்டுப் போனார்கள். நாமும் வைத்தோம். ஆனால் வைத்த கேமரா திருட்டு நடந்த இரவில் வேலை செய்ததா என்பதுதான் கேள்வி.

எங்கள் பக்கத்துத் தெருவில் ஒரு பாத்திர வியாபாரிக்கு நடந்தது. பின்பக்கச் சந்து வழியாக ஷட்டரை நெம்பிப் பித்தளைச் சாமான்களை மூட்டை கட்டிக் கொண்டுபோய்விட்டார்கள். அந்தச் சந்தைப் பார்த்தபடி ஒரு கேமரா இருந்தது. காலையில் காவல்துறையினர் பதிவைப் போட்டுப் பார்த்தார்கள். மாலை ஆறரை வரை சந்தில் போன நாய்கூடத் துல்லியமாகத் தெரிந்தது. அதற்குப் பிறகு விடியும் வரை கருப்புத் திரை. முந்தின நாள் இரவும் அப்படித்தான், அதற்கு முந்தின வாரமும் அப்படித்தான். பகலில் படம் நன்றாக வருகிறதே என்று யாரும் இரவுப் பதிவைப் போட்டுப் பார்க்கவில்லை. கேமராவில் கோளாறு என்று கம்பெனிக்காரரோடு சண்டை போட்டுப் புதிய கேமரா வாங்கி மாட்டினார். அதுவும் இரவில் அணைந்தது. கடைசியில் பார்த்தால் கோளாறு கம்பியில்.

இதில் மர்மம் ஒன்றும் இல்லை, பள்ளிக்கூடத்தில் படித்த கணக்குத்தான். இரவில் பார்க்கும் கேமராவில் கண்ணுக்குத் தெரியாத ஒளி விடும் சிறு விளக்குகள் வட்டமாக இருக்கும். இருட்டினால்தான் அவை எரியும், அப்போது கேமரா கூடுதலாக மின்சாரம் இழுக்கும். பகலில் 0.2 ஆம்பியர் இழுக்கிற கேமரா இரவில் 0.5 ஆம்பியர் இழுப்பதாக வைத்துக்கொள்வோம். கேமரா 60 மீட்டர் தொலைவில் இருக்கிறது. மின்சாரம் போய் வர 120 மீட்டர் கம்பி. 0.2 சதுர மில்லிமீட்டர் கனமுள்ள சுத்தச் செம்புக் கம்பி என்றால் அதன் தடை சுமார் 10 ஓம். பகலில் கம்பியிலேயே 2 வோல்ட் கரைந்துபோகும். புறப்பட்ட 12 வோல்ட்டில் 10 வோல்ட் போய்ச் சேரும், கேமரா எப்படியோ ஓடும். இரவில் 5 வோல்ட் கரைந்துபோகும். மீதி 7 வோல்ட்டில் கேமரா அணையும், அணைந்து மறுபடி எரியும், மறுபடி அணையும். செம்புக்குப் பதில் மட்டக் கம்பி என்றால் கதை இன்னும் மோசம்.

இதற்குப் பரிகாரம் இரண்டு. பழைய மாதிரிக் கேமரா என்றால், தூரத்துக்குத் தக்கபடி மின்சாரக் கம்பியின் கனத்தைக் கூட்ட வேண்டும். அல்லது மின்சாரப் பெட்டியைக் கேமராவுக்குப் பக்கத்தில் வைக்க வேண்டும். '3+1' கேபிள் என்று கடையில் கேட்டு வாங்கினால் போதாது, உள்ளே இருக்கும் கம்பியின் கனம் என்ன என்று கேட்க வேண்டும். புது மாதிரிக் கேமரா என்றால், கம்ப்யூட்டர் கம்பி ஒன்றிலேயே படமும் மின்சாரமும் சேர்ந்து போகிற ஏற்பாடு இருக்கிறது. பி.ஓ.இ. என்பார்கள். அதில் 48 வோல்ட்டில் மின்சாரம் போகிறது. 6 வாட் கேமராவுக்கு ஆம்பியரில் எட்டில் ஒரு பங்கு போதும், அதுவும் நான்கு இழைகளில் பகிர்ந்துகொண்டு போகிறது. அதே 60 மீட்டரில் முக்கால் வோல்ட்கூடக் கரையாது. அழுத்தம் கூடினால் கசிவு குறையும். மின்வாரியம் ஊருக்கு ஊர் ஏன் பெரிய அழுத்தத்தில் மின்சாரம் அனுப்புகிறது என்பதற்கும் இதே காரணம்தான்.

எந்த மாதிரியானாலும் மாதம் ஒருமுறை நடு இரவுப் பதிவைப் போட்டுப் பார்ப்பதற்குக் காசு செலவில்லை.

கம்பியிலும் கலப்படம்

மிளகில் பப்பாளி விதை கலந்து வந்தால் கையில் அள்ளிப் பார்த்தே சொல்லிவிடுவோம். கம்பியில் கலப்படம் வந்தால் நமக்குத் தெரிவதில்லை. கம்ப்யூட்டர் கம்பி என்று பெட்டி பெட்டியாக விற்பதில், செம்பு முலாம் பூசிய அலுமினியக் கம்பி ஏராளமாகப் புழங்குகிறது. வெளியே பார்த்தால் செம்புதான், உள்ளே அலுமினியம். சி.சி.ஏ. என்று அதற்குப் பெயர். சில பெட்டிகளில் பொடி எழுத்தில் அச்சிட்டிருப்பார்கள், சிலவற்றில் அதுவும் இருக்காது. விலை குறைவு என்று வேலைக்காரர் அதைத்தான் வாங்கி வருவார். நாமும் பில்லைப் பார்த்து மகிழ்ந்து போவோம்.

அலுமினியத்தில் தடை அதிகம். அதே கனத்தில் செம்பை விட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. 48 வோல்ட் மின்சாரமும் அதில் போகும்போது கம்பி வீணாகச் சூடாகும். இரண்டு தரம் வளைத்தால் இழை ஒடியும். முனையில் காற்றுப் பட்டுப் பூத்துப்போகும். முதல் வருடம் ஒன்றும் தெரியாது. இரண்டாம் வருடம் 'நெட் வருது, போகுது' என்று பையன் சொல்ல ஆரம்பிப்பான். தர நிர்ணயம் வகுத்தவர்கள் இந்த வகைக் கம்பியை ஒப்புக்கொள்வதே இல்லை. சுத்தச் செம்பு இருந்தால்தான் அது கேட்-5இ, கேட்-6 என்ற பெயருக்கு உரியது.

எப்படிக் கண்டுபிடிப்பது? ஓர் இழையை உரித்து பிளேடால் சுரண்ட வேண்டும். உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் அலுமினியம். இன்னொரு வழி நம் கையிலேயே இருக்கிறது, தராசு. ஒரு பெட்டியில் வழக்கமாக 305 மீட்டர் கம்பி. கேட்-5இ வகையில் எட்டு இழைகளையும் சேர்த்தால் செம்பு மட்டும் சுமார் நாலரைக் கிலோ இருக்க வேண்டும். அலுமினியக் கலப்படம் என்றால் அந்த இடத்தில் ஒன்றே முக்கால் கிலோ அளவில்தான் இருக்கும். மேலுறையும் பெட்டியும் இரண்டிலும் உண்டு என்று வைத்துக்கொண்டாலும், பெட்டிக்குப் பெட்டி இரண்டு கிலோவுக்கு மேல் வித்தியாசம் காட்டும். நல்ல பெட்டி ஒன்றையும் சந்தேகப் பெட்டி ஒன்றையும் அடுத்தடுத்து நிறுத்துப் பார்த்தால் போதும். நாள் முழுக்க நிறுத்துப் பிழைக்கிற நாம் இதை மட்டும் நிறுக்காமல் வாங்குவது விந்தை.

கேமராவுக்கு விலை பேசலாம், கம்ப்யூட்டருக்கும் பேசலாம். அவை நாலைந்து வருடத்தில் மாறிவிடும் சாமான்கள். சுவருக்குள் போகிற கம்பி பதினைந்து, இருபது வருடம் இருக்க வேண்டியது. அதில் பேரம் பேசினால், பிற்பாடு சுவரை உடைத்து மிச்சம் பிடித்த காசைத் தேட வேண்டியிருக்கும்.

பெரிய கம்பியோடு சேராதே

மெல்லிய கம்பியை 230 வோல்ட் கம்பியோடு ஒரே பைப்பில் போடக் கூடாது, ஒரே கட்டாகக் கட்டவும் கூடாது. இதற்குக் காரணங்கள் இரண்டு. ஒன்று வேலைக்கு ஆகாது, மற்றது உயிருக்கு ஆகாது.

முதல் காரணம், பெரிய கம்பியில் மோட்டாரும் பிரிட்ஜும் ஓடி நிற்கும்போதெல்லாம் பக்கத்துக் கம்பியில் இரைச்சல் ஏறும். கம்ப்யூட்டர் கம்பியை உரித்தவர்கள் பார்த்திருக்கலாம், எட்டு இழைகளும் இரண்டிரண்டாக முறுக்கி இருக்கும். அது அழகுக்கு அல்ல. முறுக்கினால் இரண்டு இழையிலும் இரைச்சல் சமமாக ஏறி, ஒன்றை ஒன்று கழித்துக்கொள்ளும். டெலிபோனைக் கண்டுபிடித்த கிரகாம்பெல் 1881-இல் காப்புரிமை வாங்கிய யுக்தி இது. ஆகவேதான் முனை மாட்டும்போது முறுக்கை அரை அங்குலத்துக்கு மேல் பிரிக்கக் கூடாது என்கிறார்கள். நம் ஆட்கள் கை எட்டும் மட்டும் பிரித்துவிட்டு மாட்டுகிறார்கள். பெரிய கம்பிக்கும் இதற்கும் ஓர் அடியாவது இடைவெளி இருப்பது நல்லது. குறுக்கே கடக்க வேண்டி வந்தால் நேர்க்குறுக்காகக் கடக்க வேண்டும், ஒட்டி ஓடக் கூடாது.

இரண்டாவது காரணத்துக்கு ஓர் உதாரணம் போதும். ஒரு நவதானியக் கடையில் கிட்டங்கிக்கும் கல்லாவுக்கும் பேசிக்கொள்ள இன்டர்காம் வைத்திருந்தார்கள். அதன் கம்பியை மின்விசிறிக்குப் போன பைப்பிலேயே நுழைத்துவிட்டார் வேலைக்காரர். தானியக் கடையில் எலிக்குப் பஞ்சமா? பைப் முடிகிற இடத்தில் எலி இரண்டையும் சேர்த்துக் கடித்திருக்கிறது. ஒருநாள் மழை ஈரத்தில் பெரிய கம்பியின் மின்சாரம் சின்னக் கம்பியில் ஏறிவிட்டது. மணி அடித்ததும் ரிசீவரை எடுத்த பையனைத் தூக்கி எறிந்தது. மரப்பலகை மேல் நின்றிருந்ததால் பிழைத்தான். அவன் அப்பா அம்மாவுக்கு நல்ல காலம், அந்த முதலாளிக்கும் நல்ல காலம். ஏன் என்றால், டெலிபோனை எடுக்கும்போது யாரும் ரப்பர் செருப்புப் போட்டுக்கொண்டு எடுப்பதில்லை. சின்னக் கம்பி சாது என்று நம்பித்தான் எல்லோரும் தொடுகிறோம். இழையின் மேலுறையும் சாதுவான அழுத்தத்துக்குத்தான் செய்யப்பட்டிருக்கிறது, 230 வோல்ட்டைத் தாங்குவதற்கு அல்ல.

மெயினில் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. இருந்து, எர்த்தும் சரியாக இருந்திருந்தால் கசிந்த கணமே மின்சாரம் அறுந்திருக்கும். இன்னும் பீஸ்கட்டையோடு காலம் தள்ளும் கடைகள் நம்மில் இருக்கின்றன. அவர்கள் கேமராவுக்கு முன்னால் இதை மாட்டட்டும்.

தராசுக் கம்பியைத் தொடாதீர்கள்

மின்னணுத் தராசு வைத்திருக்காத மொத்தக் கடை இன்று கிடையாது. அதன் தட்டுக்கு அடியில் லோடு செல் என்று ஒன்று இருக்கிறது. 5 வோல்ட் கொடுத்தால், முழுப் பளுவுக்கு அது திருப்பித் தருவது 10 மில்லி வோல்ட் அளவுதான். 300 கிலோ தராசில் 100 கிராம் என்பது ஒரு மில்லி வோல்ட்டில் முந்நூறில் ஒரு பங்கு. கடையில் ஓடும் எல்லாக் கம்பியிலும் இதுதான் மிக மெல்லிய குரல். அந்தக் கம்பி மேல் மூட்டையை இழுத்தால், தண்ணீர் பட்டால், பக்கத்தில் மோட்டார் கம்பி ஓடினால் எடை ஆடும். இலக்கம் நிற்காமல் ஓடிக்கொண்டே இருந்தால் தராசு கெட்டுவிட்டது என்று எண்ணுவதற்கு முன் கம்பி எங்கே போகிறது என்று பார்க்க வேண்டும்.

கம்பி நீளம் போதவில்லை என்று வெட்டி ஒட்டுப் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். அது கூடவே கூடாது. நீளம் மாறினால் எடையே மாறலாம். அதோடு, முத்திரை வைத்த தராசு அது. 2009-ஆம் ஆண்டு சட்டமுறை எடையளவுச் சட்டப்படி, முத்திரைக்கு உட்பட்ட பாகத்தை உரிமம் பெற்ற பழுதுபார்ப்பவர் தவிர வேறு யாரும் தொடக் கூடாது. நம் ஊரில் தொழிலாளர் துறையினர்தான் சோதனைக்கு வருகிறார்கள். எடை குறையக் காட்டினால், ஒட்டுப் போட்டது எலக்ட்ரீஷியன் என்று சொல்லித் தப்ப முடியாது.

கடையிலிருந்து கிட்டங்கிக்கு

கடை ஒரு தெருவில், கிட்டங்கி அடுத்த தெருவில் என்பது நம் தொழிலில் சகஜம். இரண்டையும் இணைக்க மொட்டை மாடி வழியாகச் செம்புக் கம்பியை இழுத்துக் கட்டிவிடுகிறோம். கம்ப்யூட்டர் கம்பி 100 மீட்டருக்கு மேல் பேசாது என்பது முதல் சங்கதி. இடி என்பது இரண்டாவது. ஐப்பசி மழையிலும், சித்திரை வெயிலில் திடீரென்று இறங்கும் கோடை மழையிலும், அருகில் எங்கோ இடி விழுந்தாலே வெளியில் தொங்கும் கம்பியில் அழுத்தம் பாய்ந்து இரண்டு முனையிலும் உள்ள பெட்டிகளைச் சுட்டுவிடும். கேமரா ரெக்கார்டர், பில் கம்ப்யூட்டர், பிரிண்டர் எல்லாம் ஒரே நொடியில் போன கடைகளைப் பார்த்திருக்கிறோம்.

கட்டடம் விட்டுக் கட்டடம் போகும் இடத்தில் கண்ணாடி இழைக் கம்பி போடுவதே புத்திசாலித்தனம். கண்ணாடியில் ஒளிதான் போகும், மின்சாரம் பாயாது. அதைத் தாங்க உள்ளே எஃகுக் கம்பி வைத்த வகையும் உண்டு. அது வேண்டாம், உலோகம் இல்லாத வகையாகக் கேட்டு வாங்க வேண்டும். இரு முனையிலும் ஒளியைத் திரும்ப மின்சாரமாக மாற்றும் சிறு பெட்டி வைத்தால் போதும். தூரமும் ஒரு பொருட்டில்லை. ஒன்று சொல்லிவிடுகிறோம். எந்தக் கம்பியானாலும் அனுமதி இல்லாமல் மின்வாரியக் கம்பத்தில் கட்டக் கூடாது. பழுது பார்க்க ஏறுகிற லைன்மேனுக்கு நம் கம்பி காலைத் தடுக்கும் கண்ணியாக இருக்கும்.

தீ எச்சரிக்கை மணி பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறோம், அதற்குத் தனிக் கட்டுரையே வேண்டும். 2017 மே 31 அதிகாலையில் சென்னை தியாகராய நகரில் ஏழு மாடி ஜவுளிக் கடையில் பிடித்த தீ மறுநாளும் எரிந்து, கட்டடத்தின் பெரும்பகுதி இடிந்து விழுந்ததை நாம் எல்லோரும் தொலைக்காட்சியில் பார்த்தோம். ஆள் இல்லாத நேரத்தில் புகையைக் கண்டு கத்த வேண்டியது 24 வோல்ட் மணி. அதன் கம்பி தீயில் சில நேரமாவது தாங்கும் வகையாக, தனி வழியில், வேறு எதனோடும் சேராமல் போக வேண்டும். பெட்டியில் உள்ள பேட்டரி செத்துப்போயிருந்தால் மின்சாரம் போன நேரத்தில் மணியும் ஊமைதான்.

எப்போது போடுவது, எப்படிக் கேட்பது

புதுக் கட்டடம் என்றால் கொத்தனார் சுவரைக் காடி வெட்டும்போதே சின்னக் கம்பிக்கு என்று தனி பைப் புதைக்கச் சொல்ல வேண்டும். தேவைக்கு மேல் இரண்டு காலிப் பைப் விட்டு, ஒவ்வொன்றிலும் ஒரு நைலான் கயிற்றை நுழைத்து இரு முனையிலும் முடிச்சுப் போட்டு வைத்தால், ஐந்து வருடம் கழித்து வரும் புதுச் சாமானுக்கும் சுவரை உடைக்க வேண்டாம். எல்லாக் கம்பியும் ஓர் இடத்தில் வந்து முடிய வேண்டும். அந்த இடம் ஏ.சி.யிலிருந்து தண்ணீர் சொட்டும் மூலையாகவோ, சாமி படத்துக்குக் கீழே விளக்கு எரியும் இடமாகவோ இருக்கக் கூடாது. நாம் பார்த்த கடைகளில் பாதிக்கு மேல் இந்த இரண்டில் ஒன்றில்தான் இருக்கிறது.

நம்மில் பெரும்பாலோர் வாடகைக் கடைக்காரர்கள். கோயில் கடை, நகராட்சிக் கடை என்றால் ஆணி அடிக்கவே யோசிக்க வேண்டும். அவர்கள் சுவர் மேலேயே கேசிங் ஓட்டிக்கொள்ளலாம். காலி செய்யும்போது கழற்றிக்கொண்டும் போகலாம். பெரிய கம்பிக்கு ஒரு கேசிங், சின்னக் கம்பிக்கு ஒரு கேசிங். ஒன்றிலேயே இரண்டையும் திணித்து மூடியை ரப்பர் பட்டையால் கட்டுவது கேசிங் ஆகாது. கிட்டங்கியில் பிளாஸ்டிக் கேசிங்கை எலி ஒரே வாரத்தில் தின்றுவிடும், அங்கே இரும்புப் பைப்தான் சரி. வெல்லம், சர்க்கரை வைத்திருப்பவர்கள் ஜங்ஷன் பெட்டிகளின் ஓட்டையை அடைத்து வைக்க வேண்டும். எறும்பு கூடு கட்டினால் இணைப்பு நிற்காது.

வேலை முடிந்ததும் பணம் கொடுப்பதற்கு முன் மூன்று சாமான்களைக் கேட்டு வாங்க வேண்டும். ஒவ்வொரு கம்பியின் இரு முனையிலும் எண் ஒட்டியிருக்க வேண்டும். எந்த எண் எங்கே போகிறது என்று ஒரு தாளில் எழுதி வாங்க வேண்டும். பைப் புதைத்த சுவரைப் பூச்சுக்கு முன் செல்போனில் படம் எடுத்துக்கொள்ள வேண்டும், பிற்பாடு ஆணி அடிக்கும்போது அதன் அருமை தெரியும். நான்காவதாக ஒன்றும் உண்டு. கேமரா ரெக்கார்டரின் பாஸ்வேர்டு. அது பல கடைகளில் முதலாளிக்குத் தெரியாது, மாட்டியவருக்குத்தான் தெரியும். அவர் வேறு ஊருக்குப் போய்விட்டால் நம் கடைப் படத்தை நாமே பார்க்க முடியாது. அவர் போகாவிட்டாலோ, நம் கல்லாவை அவர் வீட்டில் இருந்தபடியே பார்க்கலாம். வேலை முடிந்த அன்றே மாற்றிவிட வேண்டும்.

எங்கள் கடையில் அந்தத் தாளை இரண்டு பிரதி எடுத்து, ஒன்றை ரெக்கார்டர் பெட்டியின் கதவுக்கு உள்பக்கம் ஒட்டியிருக்கிறோம், மற்றதைப் பத்திரக் கோப்பில் வைத்திருக்கிறோம். ஆயுத பூஜைக்குப் பெட்டியைத் திறந்து தூசி தட்டும்போது, தாளில் உள்ள எண்ணும் கம்பியில் உள்ள எண்ணும் ஒத்துப்போகின்றனவா என்று கணக்குப்பிள்ளை ஒருமுறை சரிபார்த்துக் கையெழுத்துப் போடுகிறார்.